கஷ்ட காலத்தில் கல்லூரியும் ஊரும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கித் தரப்படுகிறது.)

 

சங்கச் செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு, "பொருளாதார நெருக்கடியில் உயர்கல்வியும் சமூகத் தொண்டும்" என்பது. தலைப்பு கொஞ்சம் கனமாகத்தான் இருக்கிறது. அதை நம்ம ஊர்ப் பேச்சில் இப்படி மாற்றிக் கொள்கிறேன். வீட்டில் கஷ்டம் வந்தால் பிள்ளை படிப்பு என்ன ஆகும்? அந்த நேரத்தில் கல்லூரி ஊருக்கு என்ன செய்யலாம், ஊர் கல்லூரிக்கு என்ன செய்யலாம்? இவ்வளவுதான் விஷயம்.

கஷ்டம் என்பது நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் ஒரே உருவத்தில் வருவதில்லை. ஆற்றுப் பாசனம் உள்ள ஊர்களை விட்டால் மற்றதெல்லாம் வானம் பார்த்த பூமி. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசு அறிவித்தது. அது மழையால் வந்த கஷ்டம். 2006-ல் மகாராஷ்டிராவில் நவாபூரில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. அங்கே காய்ச்சல், இங்கே நாமக்கல்லில் முட்டை விலை விழுந்தது. 2020-ல் கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்று யாரோ கிளப்பிவிட்ட புரளியால் மறுபடியும் பண்ணைக்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். 2022-ல் நூல் விலை ஏறியது. பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கம் தறி ஓட்டுகிறவர்களுக்கு அது என்ன செய்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. குச்சிக்கிழங்கு விலை, டீசல் விலை, லாரி வாடகை என்று ஒன்று மாற்றி ஒன்று.

எந்த ரூபத்தில் வந்தாலும் கஷ்டம் முதலில் தட்டுகிற கதவு ஒன்று உண்டு. அது கல்லூரி வருகைப் பதிவேடு! இரண்டாம் வருஷம் படிக்கிற பையன் வாரத்தில் இரண்டு நாள் வர மாட்டான். பிறகு மூன்று நாள். பிறகு பரீட்சைக் கட்டணம் கட்ட மாட்டான். அதற்குப் பிறகு அவன் பெயரைக் கூப்பிடுவதையே நிறுத்தி விடுவார்கள். பொண்ணாக இருந்தால் ஜாதகம் எடுத்து விடுவார்கள்.

அந்தப் பையனிடம் போய், "தம்பி, ஞாயித்துக்கிழமை என்.எஸ்.எஸ். கேம்ப் இருக்குது, வா" என்றால் அவன் என்ன சொல்வான்? "ஐயா, எங்கப்பாவுக்குத் தறியில வாரத்துக்கு மூணு நாள்தான் வேலை. நான் ராத்திரி ஷிப்டு போயிட்டு வந்துதான் கிளாஸ்ல உக்கார்றேன். எனக்கே யாராச்சும் தொண்டு செஞ்சாத் தேவலை" என்பான். இது நியாயமான கேள்வியா இல்லையா? நான் நியாயம் என்கிறேன். இதற்குப் பதில் சொல்லாமல் தொண்டு, தியாகம் என்று மேடையில் முழங்கிவிட்டுப் போவதில் பிரயோசனம் இல்லை.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். இன்றைய சேலம் அரசு கலைக் கல்லூரி தன் தொடக்கத்தை 1857 என்று சொல்லும். அது ஒரு காலத்தில் சேலம் நகராட்சிக் கல்லூரி. அந்தப் பெயரை நினைத்துப் பாருங்கள். தெருவிளக்கும் சாக்கடையும் பார்க்கிற நகராட்சி ஒரு கல்லூரியையும் தன் பொறுப்பில் வைத்திருந்தது. அந்தக் கல்லூரியில் சில காலம் ஆசிரியராக இருந்த சி. விஜயராகவாச்சாரியார் பிறகு வக்கீலாகி, சேலம் நகராட்சி மன்றத்தில் உறுப்பினராகி, 1920-ல் நாகபுரி காங்கிரஸ் மாநாட்டுக்கே தலைமை தாங்கினார். 1917 முதல் 1919 வரை ராஜாஜி அதே நகராட்சிக்குத் தலைவராக இருந்தார். ஊர் கல்லூரியைத் தாங்கியது. கல்லூரியில் இருந்தவர்கள் ஊர்க் காரியத்துக்கு வந்தார்கள். பரமத்தி வேலூரில் இன்றைக்கும் கந்தசாமிக் கண்டர் பெயரில் உள்ள அறக்கட்டளை பள்ளியும் கல்லூரியும் நடத்தி வருகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் நம் மண்ணுக்குப் புதிதல்ல.

ராஜாஜி 1925 பிப்ரவரியில் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் ஆரம்பித்தார். மழை இல்லாமல் காடு காய்ந்து கிடந்தால் பெண்களுக்குக் கூலி வேலை கிடையாது. ஆசிரமத்தார் என்ன செய்தார்கள்? கஞ்சித் தொட்டி வைத்துவிட்டு அதோடு நிற்கவில்லை. பஞ்சைக் கொடுத்தார்கள், நூற்றுக் கொண்டுவரச் சொன்னார்கள், நூலை எடை போட்டுக் கூலி கொடுத்தார்கள். வாங்குகிறவர் தலை குனிய வேண்டியதில்லை. அந்தக் கூலி என்கிற சொல்லை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கடைசியில் அதற்குத் திரும்ப வருவேன்.

இன்னொரு பழைய செய்தி. இது கல்லூரி மாணவர்களைப் பற்றியது. கில்பர்ட் ஸ்லேட்டர் என்று ஓர் ஆங்கிலேயர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர். புத்தகத்தை மட்டும் வைத்துப் பாடம் நடத்தினால் போதாது என்று நினைத்து, 1916-ல் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். சிலர் தங்கள் சொந்த ஊருக்கே போனார்கள். எத்தனை வீடு, யாருக்கு எவ்வளவு நிலம், என்ன பயிர், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று எழுதிக் கொண்டு வந்தார்கள். தென்னார்க்காட்டில் இருவேல்பட்டு, ராமநாதபுரம் ஜில்லாவில் வடமலைபுரம், திருநெல்வேலியில் கங்கைகொண்டான், தஞ்சாவூரில் பாலக்குறிச்சி, வடஆர்க்காட்டில் தூசி. அந்த எழுத்தெல்லாம் 1918-ல் புத்தகமாக வந்தது.

அதோடு முடியவில்லை. 1929-ல் தொடங்கிய உலகப் பெருமந்தம் இங்கேயும் வந்தது. நெல் விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. விலை பாதியானால் சோறு மலிவாகும், நல்லதுதானே என்று பட்டணத்தில் இருப்பவன் நினைப்பான். விவசாயி வீட்டுக் கணக்கு வேறு. நூறு ரூபாய் கடன் வாங்கியிருக்கிறான் என்று வையுங்கள். மூட்டை ஐந்து ரூபாய் விற்றபோது இருபது மூட்டை போட்டால் கடன் தீரும். மூட்டை இரண்டரை ரூபாய் ஆனால் நாற்பது மூட்டை போட வேண்டும். ஒரு பைசா புதிதாக வாங்காமலே கடன் இரட்டிப்பு! இந்தச் சமயத்தில், 1936-37-ல், சென்னைப் பல்கலைக்கழகத்தார் ஸ்லேட்டர் காலத்துக் கிராமங்களுக்கே மறுபடியும் போய்க் கணக்கெடுத்தார்கள். பேராசிரியர் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதை 1940-ல் புத்தகமாகக் கொண்டு வந்தார்கள். இருபது வருஷத்துக்கு முன்பு மாணவர்கள் எழுதி வைத்த கணக்கு இருந்ததனால்தான், அந்த ஊர் ஏறியதா இறங்கியதா என்று சொல்ல முடிந்தது. இதற்கிடையில் 1938-ல் ராஜாஜி அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டு வந்தது. கடன் சுமை எவ்வளவு என்று யாராவது எண்ணிச் சொன்னால்தான் அதைக் குறைக்கச் சட்டம் போடலாம். எண்ணாத கஷ்டம் ஏட்டில் ஏறாது.

நாம் இப்போது வருவோம். 1969 செப்டம்பர் 24-ல் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில், 40,000 மாணவர்களோடு தொடங்கியது. காந்தியடிகள் நூற்றாண்டு அது. இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் பணி, ஒரு சிறப்பு முகாம் என்று வகுத்தார்கள். நம்மில் பல பேர் அந்த முகாமில் உப்புமா தின்று வளர்ந்தவர்கள். நல்ல நட்பு கிடைத்தது, மேடைக் கூச்சம் போனது. மறுக்கவில்லை. ஆனால் ஒன்று சொன்னால் திட்ட அலுவலர்கள் கோபித்துக் கொள்ளக் கூடாது. போன வருஷம் நட்ட அதே குழியில் இந்த வருஷமும் கன்று நடுகிற முகாமை நானும் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோயில் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு வந்தோம். அந்தச் சுவருக்குப் பின்னால் எந்த வீட்டுப் பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டது என்று நாம் கேட்கவில்லை.

கஷ்ட காலத்தில் இப்படிப்பட்ட பெரிய காரியம் நடக்குமா என்று ஒரு சந்தேகம் வரும். 1991-ஐ நினைத்துப் பாருங்கள். அந்நியச் செலாவணி இல்லாமல் நாடு தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்த வருஷம். அதே வருஷம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. படித்த இளைஞர்களும் பெண்களும் ஊர் ஊராகப் போய் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். கல் உடைக்கிற பெண்கள் கூட எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொண்டார்கள். கஜானா காலியாக இருந்த காலத்தில்தான் அது நடந்தது. அதற்கு முப்பது வருஷம் கழித்து, கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த பின், 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. சாயங்காலம் தெருவிலேயே பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லித் தர லட்சக்கணக்கில் தன்னார்வலர்கள் வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், நம் பக்கத்து வீட்டுப் பட்டதாரிகள். அவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை என்று வைத்தார்கள். பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் உன் நேரத்துக்கு மதிப்பு உண்டு என்று அது சொன்னது.

அமெரிக்காவிலும் இதைப் பார்த்தார்கள். பெருமந்தத்தில் அங்கேயும் பிள்ளைகள் கல்லூரியை விட்டு வெளியேறினார்கள். 1935-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தேசிய இளைஞர் நிர்வாகம் என்று ஓர் அமைப்பை ஏற்படுத்தினார். கஷ்டப்படுகிற மாணவருக்குப் பகுதிநேர வேலை. நூலகத்தில், ஆய்வுக்கூடத்தில், விளையாட்டு மைதானத்தில், ஊர்க் கணக்கெடுப்பில். அதற்குச் சம்பளம். அந்தச் சம்பளத்தில் அவன் படிப்பைத் தொடர்ந்தான். டெக்சாஸ் மாநிலத்தில் அதை நடத்தியவர் 26 வயது இளைஞர். பெயர் லிண்டன் ஜான்சன். பின்னாளில் அவரே ஜனாதிபதி ஆனபோது, 1964-ல், வேலை செய்துகொண்டே படிக்கிற திட்டத்தைச் சட்டமாக்கினார். ஊருக்கு வேலையும் ஆயிற்று, மாணவனுக்குப் படிப்பும் நின்றது.

நான் சொல்ல வந்ததை இப்போது சொல்லி விடுகிறேன். கஷ்ட காலத்தில் தொண்டு என்பது வசதியுள்ள மாணவன் ஏழை ஊருக்குச் செய்கிற உபகாரமாக இருக்கக் கூடாது. கஷ்டப்படுகிற மாணவனையே ஊர்ப் பணியில் சேர்த்து, அந்தப் பணியாலேயே அவனைக் கல்லூரியில் தங்க வைக்க வேண்டும். அதற்கு மூன்று காரியங்களை இந்தச் சங்கத்தின் முன் வைக்கிறேன்.

முதலாவது, கணக்கெடுப்பு. ஸ்லேட்டர் மாணவர்கள் செய்ததை நாம் செய்வோம். கல்லூரியைச் சுற்றிப் பத்து ஊர் எடுத்துக் கொள்வோம். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் எத்தனை பேர், கல்லூரி சேர்ந்தவர் எத்தனை, நடுவில் நின்றவர் எத்தனை, ஏன் நின்றார்கள்? வீட்டில் தறி முன்பணம் எவ்வளவு, வட்டிக் கடன் எவ்வளவு? வணிகவியல் மாணவன் இதைவிட நல்ல கணக்குப் பாடத்தை எந்தப் புத்தகத்திலும் படிக்க முடியாது. இரண்டு கட்டுப்பாடு மட்டும் வேண்டும். கடன்பட்டவர் பெயர் நோட்டை விட்டு வெளியே போகக் கூடாது. கணக்கெடுத்த முடிவை அந்த ஊர்ச் சாவடியிலேயே படித்துக் காட்ட வேண்டும். கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவனை ஊர் மறுமுறை வாசலில் சேர்க்காது.

இரண்டாவது, மனு மேசை. நான் வங்கியில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன், அதனால் சொல்கிறேன். நம் ஜனங்கள் பாதி நஷ்டப்படுவது பணம் இல்லாமல் அல்ல, பாரம் தெரியாமல். தறிக்காரர் ஒருவர் மகள் படிப்புக்கு ஐந்து வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு, ஒரு வருஷம் கழித்து என் மேசைக்கு வந்தார். "கல்விக் கடனுக்கு வீட்டுப் பத்திரம் வேணும்னு சொன்னாங்க, அதான் வரலீங்க" என்றார். 2001-ல் வகுத்த மாதிரித் திட்டத்திலேயே 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கிடையாது. 2015-ல் வந்த உத்தரவாத நிதியால் அது ஏழரை லட்சம் வரை போனது. அவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. பத்திரமும் இல்லாமல், கேட்கவும் தெரியாமல், அந்த மனுஷன் மாதம் நூற்றுக்கு ஐந்து ரூபாய் கட்டிக் கொண்டிருந்தார்.

இன்னும் எத்தனையோ இருக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தொழிற்கல்விக் கட்டணத்தில் சலுகை 2010-11 முதல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்தவருக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத இடம் 2020, 2021-ல் வந்தது. அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் 2022-ல், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-ல் தொடங்கின. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. இந்தத் திட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், நிபந்தனை மாறும். எது இந்த வருஷம் நடப்பில் இருக்கிறது, எந்தச் சான்றிதழ் வேண்டும், கடைசித் தேதி என்ன என்று தெரிந்து வைத்து, மே, ஜூன் மாதத்தில் சந்தை கூடுகிற இடத்தில் ஒரு மேசை போட்டு இரண்டு மாணவர்கள் உட்கார்ந்தால் போதும். வார்டுக்கு ஒரு வீட்டுப் படிப்பைக் காப்பாற்றலாம்.

மூன்றாவது, கூலி. ஆமாங்க, கூலி! கணக்கெடுக்கிற, மேசையில் உட்காருகிற மாணவருக்குச் சங்கம் மணிக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். "தொண்டுக்குக் காசா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். புதுப்பாளையத்தில் நூலுக்குக் கூலி கொடுத்ததால் காந்தியம் கெட்டுப் போகவில்லையே. கூலி இல்லாத தொண்டை யார் செய்ய முடியும்? வீட்டில் சோறு நிச்சயமாக இருக்கிறவன் செய்வான். ராத்திரி ஷிப்டு போகிறவன் ஒதுங்கித்தான் நிற்பான். ஆனால் தறிக்குடும்பத்தைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது மற்றவனுக்குத் தெரியாது. அவன்தான் நமக்கு முதலில் வேண்டும்.

கணக்குப் போட்டுக் கொண்டு வந்திருக்கிறேன். இருபது மாணவர்கள், வாரத்துக்கு ஆறு மணி நேரம், மணிக்கு நூறு ரூபாய். வாரத்துக்கு 12,000. மாதம் நாலு வாரத்துக்கு 48,000. ஐந்து மாதத்துக்கு 2,40,000. முன்னாள் மாணவர்கள் 240 பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டால் தீர்ந்தது. மாணவருக்கு மாதம் 2,400 வரும். வாரத்தில் ஒரு ராத்திரியாவது, முடிந்தால் இரண்டு ராத்திரி, தறிக்குப் போகாமல் தூங்கலாம். மறுநாள் வகுப்பில் கண் திறந்திருக்கும்.

இதற்கு ஓர் எதிர்ப்பு ஆசிரியர்கள் பக்கமிருந்து வரும். பாடம் முடிக்கவே நேரமில்லை, ரிசல்ட் குறைந்துவிடும் என்பார்கள். கவலை நியாயம்தான். அதனால் பாட நேரத்தைத் தொட வேண்டாம் என்கிறேன். சனி, ஞாயிறு போதும். புள்ளியியல், பொருளியல், வணிகவியல் துறைகள் செய்முறைக் கட்டுரைக்கு இந்தக் கணக்கெடுப்பையே ஏற்றுக் கொள்ளலாம். இன்னொன்று, நடுவில் நின்றுபோன மாணவன் ரிசல்ட் கணக்கிலேயே வருவதில்லை. அவனையும் சேர்த்து எண்ணினால் நம் தேர்ச்சி விகிதம் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

கட்சிக்காரர்கள் புகுந்து விடுவார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். மனு மேசையில் எந்தக் கொடியும் வேண்டாம், எந்தத் தலைவர் படமும் வேண்டாம். திட்டத்தின் பெயர், தேதி, வேண்டிய சான்று. அவ்வளவுதான் எழுத வேண்டும். யார் ஆட்சியில் வந்த திட்டமானாலும் ஜனங்களுக்குப் போய்ச் சேரட்டும்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் லாரி வைத்திருப்பவர் இருக்கிறீர்கள், கோழிப்பண்ணை வைத்திருப்பவர், ரிக் வண்டியை வடநாடு முழுக்க ஓட்டுகிறவர், தறிப்பட்டறை முதலாளி, ஆசிரியர், அதிகாரி எல்லாரும் இருக்கிறீர்கள். கல்லூரிக்கு ஒரு நுழைவு வளைவு கட்டித் தரலாமா என்று போன கூட்டத்தில் பேச்சு வந்ததாகக் கேள்விப்பட்டேன். கட்டலாம், தப்பில்லை. வளைவுக்குக் கீழே நுழைந்து வர மாணவன் வேண்டும் அல்லவா? முதலில் அவனைப் பார்ப்போம். தறிப்பட்டறை வைத்திருக்கும் நண்பர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். உங்களிடம் ராத்திரி வேலை செய்யும் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பரீட்சை மாதத்தில் ஷிப்டை மாற்றிக் கொடுங்கள். அதற்கு நிதி திரட்ட வேண்டியதில்லை, மனசு போதும்.

தம்பி தங்கைகளுக்கு ஒன்று. வீட்டுக் கஷ்டத்தை மறைக்காதீர்கள். அது உங்கள் குற்றம் அல்ல. முட்டை விலை விழுந்ததும் நூல் விலை ஏறியதும் உங்க அப்பா செய்ததில்லை. துறைத் தலைவரிடம் சொல்லுங்கள், சங்கத்தில் சொல்லுங்கள். நின்றுவிடலாம் என்று முடிவெடுக்கும் முன்பு சொல்லுங்கள், நின்ற பிறகு வேண்டாம்.

இந்த மூன்று காரியத்தையும் தீர்மானமாக எடுத்துக் கொண்டு, அடுத்த கல்வியாண்டு தொடக்கத்தில் மனு மேசையைப் போட்டுவிட வேண்டும் என்று சங்கத் தலைவரையும் செயலாளரையும் அன்போடு கேட்டுக் கொள்கிறேன். என் பங்கு ஆயிரத்தை இங்கேயே பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமைகளில் கல்விக் கடன் பாரம் பூர்த்தி செய்யச் சொல்லித் தர நானும் வந்து உட்காருகிறேன். எனக்குக் கூலி வேண்டாம், ஓய்வூதியம் வருகிறது.